வேலூர் வாடகை வீட்டில் உங்கள் கைவண்ணம்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சி.எம்.சி.யில் நர்ஸ் வேலை, வி.ஐ.டி.யில் ஆசிரியர் வேலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி என்று வெளியூரிலிருந்து வந்து வேலூரில் வீடு பிடிப்பவர்கள் ஏராளம். இரண்டு வருடம்தானே என்று பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் குடித்தனம் தொடங்குவார்கள். அந்த இரண்டு ஐந்தாகிவிடும், வீடு மட்டும் லாட்ஜ் ரூம் மாதிரியே இருக்கும். இது அவர்களுக்காக எழுதியது.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அலங்காரப் பொருள் வாங்கக் கிளம்புவதற்கு முன், உங்கள் கை ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். தையலா, படமா, பாட்டா, செடியா, சமையலா? அதற்கு வீட்டிலேயே நல்ல இடத்தைக் கொடுங்கள். மீதியை இந்த ஊர் வெயிலும் தண்ணீரும் முடிவு செய்யும், அவை இரண்டையும் மீறி இங்கே எதுவும் நிற்காது. தேவையான பொருள்களில் பெரும்பாலானவை பழைய வடஆற்காடு மாவட்டத்துக்குள்ளேயே, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலேயே கிடைக்கின்றன.

முதலில் ஓனரிடம் பேசுங்கள்

அட்வான்ஸ் கொடுத்த பிறகு பேசினால் பேரம் உங்கள் கையில் இல்லை. வீடு பார்க்கப் போகும்போதே, பணம் நீட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். "சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க தம்பி, மத்தபடி உங்க வீடு மாதிரி வெச்சுக்கோங்க" என்பதுதான் சத்துவாச்சாரியில் இருந்து பாகாயம் வரை கேட்கும் பதில். அதற்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "இல்லீங்கம்மா, ஹால்ல ஒரே ஒரு சுவர், அதுல நாலு இடம், ஆணி இல்ல, ட்ரில் போட்டு ஸ்க்ரூ. காலி பண்ணும்போது நானே பட்டி வெச்சு, பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தச் சுவர், எத்தனை துளை, யார் சரி செய்வது என்று இவ்வளவு தெளிவாகக் கேட்பவரிடம் மறுப்பவர் குறைவு. ஓனர்களுக்கு உள்ள பயம், ஆணி அடித்துப் பூச்சு பெயர்ந்து போன சுவரைப் பார்த்து வந்தது. அது நியாயமான பயம்தான்.

சம்மதம் கிடைத்தால் அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், அதனால் இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். குடிபுகும் அன்றே எல்லாச் சுவர்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் வெயிலைப் பாருங்கள்

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் புரண்டு ஓடியது, ஆனாலும் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகள் அப்படியே இருக்கின்றன. கத்திரி வெயில் காலத்தில் இங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம்.

ஆகவே எதை எங்கே வைப்பது என்று உடனே முடிவு செய்யாமல், ஒரு வாரம் போல வீட்டைச் சும்மா கவனியுங்கள். காலை வெயில் எந்த ஜன்னலில், மாலை வெயில் எந்தச் சுவரில் என்று பார்த்து, ஒரு தாளில் வீட்டின் வரைபடம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் குடிவந்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், தெற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே நீளமாக விழும். மே, ஜூன் மாதங்களில் அது வடக்கே நகர்ந்துவிடும், தெற்கு ஜன்னல் நிழலாகிவிடும், மேற்குச் சுவரும் வடமேற்கு மூலையும் தகிக்கும். மார்கழியில் இதமாக இருந்த மூலை கத்திரியில் உட்கார முடியாததாக மாறுவது இதனால்தான்.

புத்தகம், படம், பட்டுத் துணி, மிருதங்கம் போன்ற தோல் கருவிகள் ஆகிய நான்கையும் மேற்குச் சுவர்ப் பக்கம் வைக்காதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள போர்ஷன் என்றால், பகலில் காங்கிரீட் வாங்கிய சூடு இரவிலும் உள்ளே இறங்கும். மார்ச் மாதத்திலேயே மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ அடிக்க ஓனரிடம் கேளுங்கள். பாதிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலும் நஷ்டமில்லை.

உங்கள் கைக்கு ஓர் இடம்

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இது. நம் வழக்கப்படி ஹாலில் டி.வி., எதிரே சோபா, இரண்டுக்கும் நடுவில் டீபாய். நமக்குப் பிடித்த வேலை மட்டும் கட்டிலுக்கு அடியிலோ லாஃப்ட்டிலோ கிடக்கும். எடுத்து விரித்து, முடிந்ததும் மடித்து ஏற்ற வேண்டும் என்றால் நாளடைவில் எடுப்பதே நின்றுபோகும். வெளிச்சமும் காற்றும் வரும் நல்ல ஜன்னலை அந்த வேலைக்குக் கொடுத்துவிட்டு, சோபாவை வேறு மூலைக்குத் தள்ளுங்கள். அல்லது சோபாவே வேண்டாம், பாய் போதும்.

சத்துவாச்சாரியில் ஒரு நர்ஸ் அக்காவின் வீட்டைச் சொல்கிறேன். ஒரு பெட்ரூம் வீடு. வாசலைத் தாண்டியதும் கிழக்கு ஜன்னல், அதன் கீழே காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷின். அதன் பக்கத்தில் சுவரில் சாய்த்து ஒரு மாமரப் பலகை. பலகையில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு நூல்கண்டு. சிவப்பில் ஆரம்பித்து ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நிறம் மாறிக்கொண்டே போய் கடைசியில் கறுப்பில் முடிகிறது. ஆணியெல்லாம் பலகையில்தான், சுவரில் ஒன்றுகூட இல்லை. உள்ளே நுழைபவர் கண் முதலில் அங்கேதான் போகும். அவருக்கு அது வேலைக்கான பலகை, தேடாமல் நூல் எடுக்கத்தான் அப்படி அடுக்கியிருக்கிறார். வீட்டில் வேறு அலங்காரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தேவைப்படவும் இல்லை. நைட் டியூட்டி முடிந்து வந்து பகலில் தூங்குபவர் என்பதால் பெட்ரூம் ஜன்னலுக்கு மட்டும் இரட்டைத் துணி போட்ட கனமான திரை. தன் வாழ்க்கைக்குத் தக்கபடி வீட்டை அமைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

காட்பாடி காந்தி நகரில் ஓர் ஆசிரியர் படம் வரைபவர். விடுமுறை நாளில் கோட்டைக்குப் போய் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களின் எதிரே உட்கார்ந்து விடுவார். பாயும் குதிரை, யாளி, அதன் மேல் வீரன் என்று ஒவ்வொரு தூணாகப் பழுப்புத் தாளில் கரிக்கோலால் வரைகிறார். வரைந்ததை ஃபிரேம் போடுவதில்லை. ஹாலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு கயிறு, துணி உலர்த்தும் மரக் கிளிப், அவ்வளவுதான். புதிது வரைந்தால் பழையது இறங்கும், அதனால் அந்த வீட்டுச் சுவர் மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது. கயிறு கட்டியது இரண்டு ஜன்னல் கம்பிகளில், ஓனருக்கும் புகார் இல்லை.

உங்களுக்கு இசை என்றால் மிருதங்கத்தையோ பம்பையையோ உறை போட்டு மூலையில் தள்ளாமல், ஒரு தாழ்வான பலகையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். சமையல் என்றால் மசாலா டப்பாக்களைக் கதவு போட்ட அலமாரிக்குள் மறைக்காதீர்கள், கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துத் தட்டில் அடுக்குங்கள். "எனக்கு அப்படி ஒன்றும் இல்லையே" என்பவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்து பாருங்கள். இடம் குறைவு என்று தெரிந்தும் எதையோ விடாமல் எடுத்து வந்திருப்பீர்கள். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கடப்பாக் கல் ஷெல்ஃப்

இந்த ஊர் வாடகை வீடுகளில் ஹால் சுவரில் கடப்பாக் கல் பதித்த திறந்த ஷெல்ஃப் பெரும்பாலும் இருக்கும். மருந்துச் சீட்டு, சார்ஜர், கரன்ட் பில், விநாயகர், எல்லாம் அதில் குவிந்துவிடும். எல்லாத் தட்டையும் அழகுபடுத்த முயல வேண்டாம். கண் மட்டத்தில் உள்ள ஒரே ஒரு தட்டைக் காலி செய்து, அதில் உங்களுக்குப் பிடித்த மூன்று நான்கு பொருள் மட்டும் வையுங்கள். சில்லறைச் சாமான்களை மேலும் கீழும் உள்ள தட்டுகளில் மூடி போட்ட கூடைக்குள் போட்டுவிடலாம்.

அதன் பின்சுவருக்கு மட்டும் அடர்ந்த நிறம் அடிக்கக் கேட்டுப் பாருங்கள். செங்கல் சிவப்பு, இலைப் பச்சை, மயில்கழுத்து நீலம் எதுவானாலும் கறுத்த கல்லோடு சேர்ந்து நன்றாக எடுக்கும். சின்னப் பரப்பு என்பதால் ஓனர் ஒப்புக்கொள்வார், ஒரு லிட்டர் எமல்ஷன் தாராளமாகப் போதும். முழுச் சுவர் என்றால் கணக்கு வேறு. பத்துக்குப் பத்தடிச் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஏறத்தாழ இரண்டு லிட்டர் வேண்டும். பழைய சுவரில் டிஸ்டம்பர் என்ற மலிவு வகைப் பூச்சு அடித்திருந்தால் ஈரக் கையால் தடவினாலே கையில் ஒட்டும். அதன் மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால் உரிந்து வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்துவிட்டுத்தான் மேல் கோட். ஒட்டும் கொக்கிகளும் டிஸ்டம்பர் சுவரில் நிற்காது, விழும்போது சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டுதான் விழும்.

குடியாத்தம் லுங்கியில் ஜன்னல் திரை

ரெடிமேட் திரைச்சீலைக்குச் செலவழிக்கும் முன் குடியாத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லுங்கி நெசவுக்குப் பேர்போன ஊர், வேலூர்க் கடைகளிலேயே அந்த லுங்கி கிடைக்கும். கட்டம் போட்ட பருத்தித் துணியில் வெயில் விழுந்தால் அறைக்குள் வரும் வெளிச்சமே வேறு மாதிரி இருக்கும்.

நான்கடி அகலம், நான்கடி உயரம் உள்ள ஜன்னலுக்கு இரண்டு லுங்கி வாங்குங்கள். மூட்டாத லுங்கியாகக் கேளுங்கள். ஒன்று ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் இருக்கும். வெட்டுவதற்கு முன் கல்லுப்பு கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, அலசி, நிழலில் காய வையுங்கள். முதல் சாயம் போய்விடும், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். தைத்த பிறகு சுருங்கினால் ஜன்னல் கட்டைக்கு மேலே ஏறி நிற்கும். நீளவாக்கில் தொங்கவிட்டு, மேலும் கீழும் மடித்துத் தைப்பதற்கும் சேர்த்து ஐந்தடி விட்டு வெட்டுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு வருவதால் மடிப்பு நன்றாக விழும். ஒவ்வொன்றிலும் மிஞ்சும் துண்டில் சின்னத் தலையணை உறை ஒன்று தைக்கலாம். மேற்கு ஜன்னல் என்றால் பின்பக்கம் வெள்ளைக் காடாத் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு கோடைக்குள் நிறம் வெளுத்துவிடும். தெருமுனை டெய்லர் இதைத் தைத்துக் கொடுத்துவிடுவார்.

அம்மாவின் ஆரணிப் பட்டை மட்டும் திரையாக மாட்டாதீர்கள். பட்டு வெயிலில் நைந்து போகும். கிழிந்த புடவை என்றால் முந்தானைத் துண்டை மட்டும் எடுத்துக் கண்ணாடி ஃபிரேம் போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டலாம்.

சுற்றுப்புறத்திலிருந்து எதைக் கொண்டுவரலாம்

காட்பாடிக்கு அருகே உள்ள கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். மெருகு பூசிய ஜாடியோ தட்டோ ஒன்று வாங்கினாலும் போதும், நான் மேலே சொன்ன அந்தக் கடப்பாத் தட்டுக்கு நிறைந்துவிடும். குடிதண்ணீருக்கு மெருகில்லாத மண்பானையை, ஈர மணல் பரப்பிய தட்டின் மேல், காற்று வரும் ஜன்னல் பக்கம் வையுங்கள். மே மாதக் காய்ந்த காற்றில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் பானையின் நுண்துளைகள் அடைபட்டு, நாளடைவில் குளிர்ச்சி குறைந்துவிடும், ஆகவே நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

கோரைப் பாய்க்கு வந்தவாசி. தரையில் விரிக்க மட்டும் அல்ல, மேற்குச் சுவர் பக்கம் தொங்கவிட்டால் சுவரின் சூடு நேரே உங்கள் மேல் அடிப்பது குறையும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். பால்கனியில் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டலாம். வெட்டிவேர்த் தட்டியில் மாலையில் தண்ணீர் தெளித்தால் வீடு முழுவதும் அந்த வாசம் வரும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்கள். ஷூ, பை தைத்து மிஞ்சிய துண்டுத் தோல் எடைக்குக் கிடைக்கும். மரப்பட்டையால் பதனிட்ட தடித்த தோலாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஆவாரம் பட்டையால்தான் பதனிட்டார்கள். இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, மடித்து ஒரு ஸ்க்ரூ போட்டால் டிராயருக்குக் கைப்பிடி. கொஞ்சம் நீளமாக வெட்டி வளையமாக்கினால் திரைக் கம்பியைத் தாங்கும் கொக்கி. கை படப்பட நிறம் ஆழமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும், காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, செவ்வாய்க்கிழமையில் பொய்கை மாட்டுச் சந்தை. மாடு வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் போய் வாருங்கள். மாட்டுக்கான கயிறு, கழுத்து மணி, சலங்கை விற்பவர்களும் வருவார்கள். பொங்கலையொட்டி எருது விடும் விழா நடக்கும் மாவட்டம் இது, மணிக்கும் கயிற்றுக்கும் இங்கே தனி மரியாதை உண்டு. ஒரு மணியை நல்ல கயிற்றில் கோத்து வாசல் கதவில் கட்டினால் காலிங் பெல் தேவையில்லை.

மேஜை, நாற்காலி புதிதாக வாங்க அவசரப்படாதீர்கள். கல்லூரி முடிந்து மாணவர்கள் காலி செய்யும் மே மாத வாக்கில் மேஜை, புத்தக ஷெல்ஃப், ஃபேன் எல்லாம் குறைந்த விலைக்கு வரும். இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல் சட்டம் விற்கும் பழைய மரக்கடைகளிலும் பாருங்கள். மரத்தைத் தட்டிப் பார்த்து, கீழே மாவு மாதிரித் தூள் கொட்டினால் உளுத்த மரம், எவ்வளவு அழகான வேலைப்பாடாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வீட்டில் உள்ள நல்ல மரத்துக்கும் அது பரவும்.

விளக்கு

இதில் சொல்ல அதிகம் இல்லை. ஹாலில் இருக்கும் வெள்ளை டியூப்லைட்டை அப்படியே விடுங்கள், வேலைக்கு அது வேண்டும். கூடவே, உங்கள் மூலைக்கு மட்டும் 2700 அல்லது 3000 கெல்வின் எல்.இ.டி. பல்பு ஒன்று. கடையில் "வார்ம் ஒயிட்" என்று கேட்டால் போதும். எல்.இ.டி. அதிகம் சூடாகாது என்பதால் லாங்கு பஜார் பக்கம் கிடைக்கும் பனையோலைக் கூடையைக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டு அதன் மேல் மாட்டலாம். மாலையில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டுப் பாருங்கள்.

உப்புத் தண்ணீரும் செடிகளும்

பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. குழாயில், பக்கெட்டில், மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் படிவது அதுதான். மணி பிளான்ட் இலை நுனி பழுப்பாகிக் கருகுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ஆர்.ஓ. மெஷின் கழித்து வெளியேற்றும் தண்ணீரைச் சேர்த்துச் செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம். அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். செடிக்கு ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர், அரிசி கழுவிய நல்ல தண்ணீர், மழை நாளில் வாளியில் பிடித்த தண்ணீர்.

வந்த புதிதில் கற்றாழை, மருள், கற்பூரவல்லி மூன்றோடு ஆரம்பியுங்கள். மூன்றும் வெயிலையும் மறதியையும் பொறுத்துக்கொள்ளும். அவை ஒரு கோடையைத் தாண்டிவிட்டால் அடுத்து மல்லி, செம்பருத்தி என்று போகலாம்.

வாசல்

வீட்டுக்குள் எவ்வளவு செய்தாலும் அக்கம்பக்கத்தார் பார்ப்பது வாசலைத்தான். கோலம் போடத் தெரிந்தால் உங்கள் ஊர்க் கோலத்தைப் போடுங்கள். மதுரைப் பக்கத்துக்காரர் போடுவது வேறு, இந்த ஊர் அக்கா போடுவது வேறு. "இது எந்த ஊரு கோலம்மா?" என்று யாராவது நின்று கேட்பார்கள், பழக்கம் அங்கே தொடங்கும். அபார்ட்மென்ட் என்றால் கதவுக்கு முன்னால் உள்ள இரண்டடிக்கு இரண்டடி போதும்.

காலி செய்யும்போது

மாட்டியதைக் கழற்ற ஒரு நாள் போதும் என்று நினைக்காதீர்கள். காலி செய்வதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே ஸ்க்ரூக்களைக் கழற்றி, துளைக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக்கைப் பிடுங்கி, துளையில் பட்டி வைத்து அடையுங்கள். ஒரு நாள் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுச் சமன் செய்யுங்கள். துளை இருந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் தொட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும், மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதும் ஒரு கோட் அடித்துவிடுங்கள். ஷெல்ஃபின் பின்சுவர் நிறத்தை அப்படியே விடட்டுமா என்று ஓனரிடம் கேளுங்கள், பலர் இருக்கட்டும் என்பார்கள். குடிவந்த அன்று எடுத்த படங்களையும் இப்போது எடுத்ததையும் காட்டி, அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம் என்பதைச் சாவி கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். திரைகளைத் துவைக்காமல் மடிக்காதீர்கள். அடுத்த வீட்டு ஜன்னல் சின்னதாக இருந்தால் லுங்கியை அகலத்தில் குறைக்காமல், கீழ் மடிப்பை மட்டும் ஏற்றித் தைக்கச் சொல்லுங்கள்.